வாசல் கட்டில்

பெண்டாட்டி புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது காத்தூன் பீவியின் வீட்டில் எழுதாத சட்டம். நிக்காஹ் ஆன நாளிலிருந்து லியாகத் அலியை அவள் “இந்தாங்க” என்றே கூப்பிட்டாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் மகள் லுப்னாவை முழங்கையால் இடித்துச் சொல்லச் சொல்வாள். லுப்னாவைக் கட்டிக்கொடுத்து அவள் மீஞ்சூர் போன பிறகு, கேட்டவன் முகத்துக்கு நேரே கார்டை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். கடைக்காரன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன.

அப்படிப்பட்டவள்தான் செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு காலை, ராயபுரம் தருமாஸ்பத்திரி வாசலில், ஆட்டோவிலிருந்து இறக்கி உட்கார வைத்திருந்த அந்த மனுஷனைக் காட்டி, “யாருன்னே தெரியாது சிஸ்டர், காசிமேட்டு பஸ் ஸ்டாப்பாண்ட கெடந்தாரு” என்று சொன்னாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பண்ணின கல்யாணத்தை இல்லையென்று ஆக்குவதற்கு ஒரே ஒரு பொய் போதும் என்பதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. லியாகத் அலி துறைமுகத்தில் கரி அள்ளியவர். கரி இறக்குவது அங்கிருந்து எண்ணூருக்கு மாறிப் போனபோது இவரும் கூடவே போனார். துப்பினால் கறுப்பாக வரும். “உள்ள ஒரு கப்பலே நிக்குது” என்று கேலி பேசுவார். கேலி பேசுகிற அளவுக்கு மூச்சு இருந்த காலம் அது. பிறகு மூச்சும் போயிற்று, கேலியும் போயிற்று. பெரியாஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்துவிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீடு என்று அவர்கள் சுலபமாகச் சொன்னது, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மச்சுக்கு மேல் தகரம் போட்ட ஒற்றை அறை. ஏறிப் போக ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. காலையில் ஆப்பம் சுட்டு விற்ற காசில் காற்று மிஷினை வாடகைக்கு எடுத்து வைத்தாள் காத்தூன் பீவி. கரண்ட் போனால் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் அவர் கண் இரண்டும் பிதுங்கி அவளையே பார்க்கும். முறத்தை எடுத்து வீசுவாள். முறக்காற்று எந்த நெஞ்சுக்குள் போகப் போகிறது? ஒரு பகல் முழுக்க அப்படி வீசி ஓய்ந்த பிறகு, இந்த மனுஷன் திணறாமல் கண்மூடி மவுத்தானால் போதும் யா அல்லா, வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று அழுதாள்.

அவர் கேட்டது வேறொன்று. “மூச்சுப் போற நேரத்துல நீ பக்கத்துல இரு காத்தூனு. தண்ணிய உங் கையால ஊத்து.”

“இருப்பேன். நான்தான் ஊத்துவேன்.”

யோசனை சொன்னவன் தெருமுனை ஆட்டோக்காரன் வெற்றி. “தருமாஸ்பத்திரில ஆக்சிஜன் கீதுக்கா. கரண்ட் போனா ஜெனரேட்டர் கீது. ஆனா சொந்தபந்தம் கீதுன்னா சேத்துக்க மாட்டாங்கோ. யாருமில்லாதவங்களுக்கு மட்டும்தான் அது. ரோட்ல கெடந்தாருன்னு சொல்லு. நானும் கூட வந்து சொல்றேன்.”

“பொய்யாச்சேடா.”

“அப்ப உண்மையச் சொல்லிட்டு திருப்பி மச்சு மேல ஏத்து.”

புருஷனிடம் வந்து படித்துப் படித்துச் சொன்னாள். “பேரு கேட்டா வாயத் தொறக்காதீங்க. நா யாருன்னு கேட்டா தெரியாதுன்னு தலையாட்டுங்க. தெரிஞ்சிதுன்னா அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்கோ. எந் தலை மேல கை வைங்க.” அவர் வைத்தார். கரி அள்ளின கை, காகிதம் மாதிரி கனமில்லாமல் இருந்தது. அந்தக் கை வாக்குக் கொடுத்தால் மாறாது என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் பின்னால் வினையாக முடிந்தது.

கன்னியாஸ்திரீகள் நடத்துகிற அந்தத் தருமாஸ்பத்திரி ஒரு காலத்தில் பெரிய இடம். இப்போது பாதி வார்டுகள் பூட்டிக் கிடந்தன. கீழ்த்தளத்தில் ஒரே ஒரு வார்டு நடந்தது. அதில் நுழைந்ததும் முதலில் கிடப்பது வாசல் கட்டில். வெள்ளை விரிப்புப் போட்டுக் காலியாக வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி தொடங்கின நாளிலிருந்து அப்படித்தான். அடுத்து வரப்போகிற ஆளில்லாத உயிருக்கு அது. வந்தவர் பேர் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அந்தப் பேரை வைத்துவிடுவார்கள். பேரில்லாமல் யாரும் அந்தக் கட்டிலில் படுக்கக் கூடாது என்பது முதலில் வந்த மதர் போட்ட ஏற்பாடு.

வார்டைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் ஜானட். காசிமேட்டு மீன்காரர் வீட்டுப் பெண். முட்டிவலியும் நரைத்த புருவமுமாக இருந்தார். லியாகத் அலியின் மூக்கில் குழாயைச் செருகிவிட்டு, “உங்க பேரு என்னங்க பெரியவரே?” என்று குனிந்து கேட்டார். லியாகத் அலி சுவரைப் பார்த்தார்.

“இன்னிக்கு வின்சென்ட் தே பவுல் திருநாள்” என்றார் சிஸ்டர். “ஏழைங்களுக்குன்னே வாழ்ந்தவரு. இவரு வின்சென்ட்டா இருக்கட்டும்.” வார்டு உதவியாள் ஜெரி, கட்டில் தலைமாட்டில் தொங்கிய சிலேட்டில் அந்தப் பேரை எழுதினான்.

பிறகு சிஸ்டர் இவள் பக்கம் திரும்பினார். போன் நம்பர்? இல்லை என்றாள். வீடு? தண்டையார்பேட்டை என்று சொல்லிவைத்தாள். ஒரு பொய்யை மூட ஒன்பது பொய் வேண்டுமே. கிளம்புகிற நேரத்தில், எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, “தூக்கிகினு வந்த பாவத்துக்கு மனசு கேக்கல சிஸ்டர். தெனமும் எல்லாருக்கும் கொஞ்சம் கஞ்சி காச்சிக் கொண்டாரட்டுமா?” என்று கேட்டாள். சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அன்றிலிருந்து அவள் கஞ்சியம்மா. காலை வியாபாரம் முடிந்ததும் ஆப்பக் கடையை மூடிவிட்டு, பூண்டும் வெந்தயமும் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, நோன்புக் கஞ்சிப் பக்குவத்தில் காய்ச்சி, பெரிய தூக்கில் எடுத்து வருவாள். ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஊட்டுவாள். விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த கிழவர் ஒருவர் உப்புப் போதவில்லை என்று தினமும் திட்டுவார். திட்டையும் வாங்கிக்கொண்டு, எல்லாரையும் முடித்துவிட்டுக் கடைசியில் வாசல் கட்டிலுக்கு வருவாள். முதலில் போனால் சந்தேகம் வருமாம். அதிக நேரம் நின்றாலும் வருமாம். ஆகவே எத்தனை கரண்டி மற்றவர்களுக்கோ அத்தனை கரண்டிதான் கட்டின புருஷனுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. லியாகத் அலி என்ற பேரை இத்தனை வருஷத்தில் நாக்கில் வைத்தவள் இல்லை. வின்சென்ட்டைக் கூப்பிட எந்தத் தடையும் இல்லை. “வின்சென்ட்டு, வாயத் தொறங்க” என்று ஊரறியச் சொன்னாள். அவர் வாயைத் திறப்பார். கண்ணில் பழைய கேலி ஒரு நொடி வந்து போகும். அந்த ஒரு நொடிக்காகவே அவள் விடியற்காலையில் எழுந்து தேங்காய் துருவினாள்.

வந்த காரியம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் திணறவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமியது, கண் பிதுங்கவில்லை. லுப்னாவுக்கு மட்டும் போனில் உண்மையைச் சொன்னாள். பார்க்க வரக் கூடாது என்றும் சொன்னாள். “நீ வந்து ‘அத்தா’ன்னு ஒரு வார்த்த வுட்டின்னா முடிஞ்சிது கதை.” மகள் அந்தப் பக்கம் அழுதாள். தெருவில் கேட்டவர்களுக்கு, மகள் வீட்டில் இருக்கிறார் என்று பதில்.

ஒரு நாள் குழாயடியில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் ஜானட் பக்கத்தில் வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

“தாது வருஷப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருக்கீங்களாம்மா?”

“இல்ல சிஸ்டர்.”

“அப்பத்தான் இந்த ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாங்க. ஊர் ஊரா ஜனங்க நடந்தே மெட்ராஸுக்கு வந்தாங்களாம். கடற்கரை முழுக்க அரிசி மூட்டை அடுக்கி வெச்சிருக்கும், அந்த மூட்டை ஓரத்துலயே பட்டினியில விழுந்து சாவாங்களாம். வெளிநாட்டு சிஸ்டருங்க கொஞ்ச பேர், உப்புக் கெடங்கு ஒண்ண வாடகைக்கு எடுத்து, பாய் விரிச்சு, கெடந்தவங்கள எல்லாம் தூக்கிட்டு வந்து போட்டாங்க. மருந்துகூட அப்புறந்தான். மொதல்ல கஞ்சி.”

காத்தூன் பீவி சாம்பலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பவே ஒரு கூத்து நடக்குமாம். கூடப் பொறந்தவன, பெத்தவளக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டு, யாருன்னு தெரியாது, வழியில கெடந்தாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்களாம். சொந்தம்னு சொன்னா எங்க திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். ஆனா தூரமா போக மாட்டாங்க. எதிர்ல ஒரு புளியமரம் இருந்துச்சு. அதுக்குக் கீழ நின்னு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாங்களாம். மொதல் மதருக்கு எல்லாம் தெரியும். கேக்க மாட்டாங்களாம். உள்ள ஊத்தினது போக அந்த மரத்தடிக்கும் கஞ்சி அனுப்புவாங்களாம்.”

இவள் கழுவின தூக்கை மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

“அன்னிக்கு எந்தச் சட்டமும் இல்ல” என்றார் சிஸ்டர். “இப்பத்தான். பணம் குடுக்கிறவங்க கொறஞ்சிட்டாங்க, சிஸ்டருங்களும் கொறஞ்சிட்டோம். இருக்கிற கட்டில யாருமே இல்லாதவங்களுக்குக் குடுப்போம்னு மேல முடிவு பண்ணாங்க. தப்புன்னும் சொல்ல முடியல.” முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “அந்த மரத்த வெட்டிட்டாங்க. இப்ப அங்க கண்டெய்னர் லாரி நிக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை சும்மா பழங்கதை சொன்னாரா? தெரிந்தால் அனுப்பியிருப்பார்கள், அனுப்பவில்லை, ஆகவே தெரியாது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டாள். ஏழைக்குக் கருணையைவிடச் சட்டம்தான் பழக்கம். அவளுக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்?

அடுத்த வாரம் லியாகத் அலிக்குக் கால் வீங்கியது. கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. அன்றைக்கு அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. உதறக்கூட வேண்டாம், எடுத்தால் வந்துவிடும். ஆனால் அவர் விடவில்லை. கல்யாணமான புதிதில் இருட்டில் பிடித்த மாதிரி பிடித்தார். எதிர்க் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த ஜெரி நிமிர்ந்து பார்த்தான்.

“கைய வுடுங்க பெரியவரே” என்றாள் அவள், அயலாளிடம் பேசுகிற குரலில்.

அவர் விட்டுவிட்டார்.

வெளியே வரும்போது சிஸ்டர் ஜானட் நடையில் நின்றிருந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். “நாளைக்கு மேலிடத்துலேர்ந்து மதர் வர்றாங்க. ஒவ்வொரு கட்டிலா விசாரிப்பாங்க. வெளியாளுங்க இருந்தா யாரு, எதுக்கு வர்றாங்கன்னு கேப்பாங்க. நாளைக்கு ஒரு நாள் கஞ்சி வேணாம்மா.”

நல்லதுக்குத்தான் சொன்னார். நல்லதுக்கென்றே நினைத்து அவளும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஆப்ப மாவு புளித்துக் கிடந்தது; கடையைத் திறக்கவில்லை. அறையில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த மதர் கேட்கிற கேள்விக்கு அவர் வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டால்? இந்நேரம் ஸ்ட்ரெச்சரில் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்களோ? மத்தியானத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் நடந்தே ராயபுரம் போனாள். ஆஸ்பத்திரித் தெருவுக்குள் நுழையவில்லை. மெயின் ரோட்டு முனையில், டீக்கடை ஓரமாக, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் மூச்சுமுட்ட நின்றுகொண்டிருந்தன. தெருவிலிருந்து யாரையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

சவத்தை ஏற்றிய பள்ளிவாசல் மய்யித்து வண்டி ஒன்று அந்த நெரிசலில் வந்து மாட்டிக்கொண்டது. பின்னால் இரண்டு பேர் தொப்பியோடு ஸ்கூட்டரில் வந்தார்கள். அழுகிறவர்கள் எவரும் இல்லை. எந்த வூட்டு மனுஷனோ, கூட வர ஆளில்லாமல் போறாரே என்று அவளுக்குத் துக்கமாக இருந்தது. “இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்” என்று இறந்தவருக்கு ஓதுவதை முணுமுணுத்தாள். லாரி நகர்ந்தது, வண்டி போயிற்று. சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அதற்கடுத்த நாள் கஞ்சியில் தேங்காய்ப்பாலைக் கூடவே ஊற்றினாள். அவருடைய கையை விடச் சொன்ன பாவத்துக்கு, இன்று யார் பார்த்தாலும் பார்க்கட்டும், ஒரு நிமிஷம் கூடுதலாக உட்காருவது என்று வழியெல்லாம் தீர்மானம் பண்ணிக்கொண்டே வந்தாள்.

வாசல் கட்டிலில் வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் போட்டிருந்தது. சிலேட்டைத் துடைத்திருந்தார்கள். ஜெரி அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, சிஸ்டரைக் கூப்பிட ஓடினான். தூக்கைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சிஸ்டர் ஜானட் அவளை அந்தக் கட்டிலிலேயே உட்கார வைத்தார். “நேத்துக் காலைல” என்றார். “மதர் வர்றதுக்கு முன்னாடியே மூச்சு தேஞ்சு போச்சு. திணறல. அது மட்டும் சத்தியம். போலீஸ்லேர்ந்து வந்து பாத்து எழுதிக்கிட்டாங்க. குளிப்பாட்டின மொதல் நாளே எங்களுக்குத் தெரியும் அவரு முஸ்லிம்னு. அதனால பள்ளிவாசலுக்குச் சொல்லிவிட்டோம். அவங்க முறைப்படி எல்லாம் செஞ்சாங்க.”

“எப்ப எடுத்தாங்கோ?”

“மத்தியானத்துக்கு மேல. சாயந்தரம் வரைக்கும் வெச்சிருங்கன்னு கேட்டேன். மய்யித்தக் காக்க வைக்கக் கூடாது, யாருக்காகக் காக்கணும்னு கேட்டாங்க.”

டீக்கடை ஓரமும் நகர்ந்து போன வண்டியும் அவள் கண்முன் வந்தன. யாருக்கோ ஓதுவது போல ஓதினேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். “என்னிய ஏன் கூப்புடல?”

“எங்கன்னு கூப்புடுவேன்மா? ஜெரி தண்டையார்பேட்டைல பள்ளிவாசல் பள்ளிவாசலா, கஞ்சியம்மா வூடு எதுன்னு கேட்டுக்கிட்டு அலைஞ்சான். யாருக்கும் தெரியல.”

பழைய வண்ணாரப்பேட்டையில் இருப்பவளைத் தண்டையார்பேட்டையில் யாருக்குத் தெரியும்?

“அவரு எம் புருஷன் சிஸ்டர்.”

“தெரியும்மா.”

காத்தூன் பீவி நிமிர்ந்து பார்த்தாள்.

“எல்லாருக்கும் அப்படியே ஊட்டுவீங்க. அவருக்கு மட்டும் ஊதி ஊதி ஊட்டுவீங்க” என்றார் சிஸ்டர். “எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கிட்டா கட்டில் போயிடும். தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அன்னிக்கு வராதீங்கன்னு சொன்னதும் நான்தான்.” அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவரைத் திட்டலாம் என்று பார்த்தால் திட்டுவதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவளும் அவரும் சிஸ்டரும் ஆளுக்கொரு நல்லதைச் செய்து மூன்று பேருமாக அந்தச் சாவைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

“பேரச் சொல்லுங்கம்மா. பள்ளிவாசல்ல பேரு தெரியாதவர்னு எழுதி வெச்சிருக்காங்க. நான் போய் மாத்தச் சொல்றேன்.”

அவள் கை பழக்கத்தில் கார்டைத் தேடி இடுப்புப் பையைத் தடவியது. கார்டு வீட்டில் இருந்தது. இடித்துச் சொல்லச் சொல்ல லுப்னாவும் பக்கத்தில் இல்லை.

“லியாகத் அலி” என்றாள். அவள் குரலில் அந்தப் பேர் எப்படி இருக்கும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தூக்கைக் கீழே வைத்துவிட்டு, “கடைசில என்னியக் கேட்டாரா?” என்றாள்.

“நானே கேட்டேன்மா. காதுகிட்ட குனிஞ்சு, யாரக் கூப்புடணும் சொல்லுங்க, உங்கள யாரும் வெளிய அனுப்ப மாட்டோம்னு கேட்டேன். யாருமில்லன்னு தலையாட்டிட்டாரு. திரும்பக் கேட்டேன். அதுக்கும் ஆட்டிட்டாரு.”

“எந் தலை மேல கை வெச்சிருந்தாரு.”

“அப்புறம் அவரா ஒண்ணு கேட்டாரு. கஞ்சி கொண்டார்ற அந்தம்மா வந்துட்டாங்களான்னு. வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன்.”

“தண்ணி?”

“எடுத்துட்டுப் போனேம்மா. அவங்க வரட்டும்னு வாய மூடிக்கிட்டாரு.”